‘விட்டா அவன் பயந்துடுவான் மிஸ்’: பிறருக்காகவே நீந்திய ஒரு மாணவி

ஆடிப் பதினெட்டு அன்று தென்பெண்ணை ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைக் காப்பாற்றக் குதித்தாள் ஒரு பதினைந்து வயதுப் பெண். மாவட்டப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவள். ஆனாலும் அன்று அவளும் பையனோடு சேர்ந்து உள்ளே போய்விட்டாள். கரையில் காயப்போட்டிருந்த ஒரு புடவையை வீசி இருவரையும் இழுத்துப் போட்டது, அங்கே குளிக்க வந்திருந்த வேறொரு குடும்பம். அப்புறம் ஊரே அவளைக் கொண்டாடியது. பள்ளியில் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தின்போது சால்வை போர்த்தினார்கள். அன்றிலிருந்து அவள் நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்துக்கே போகவில்லை. போட்டி என்று பேச்செடுத்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், வாந்தி எடுத்தாள். என்னிடம் அவளை அழைத்து வந்தவர் அவளுடைய பயிற்சியாளர்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வளரிளம் பருவத்தினரோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர். அவளும் பெற்றோரும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை வெளியிடுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர், வேலை, உறவு பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பாப்பாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொன்னார்கள். பயந்த சுபாவம், தங்கமான மனசு. முதலாவது குறை, இரண்டாவது வரம் என்பது அவர்கள் கணக்கு. “அந்தப் பயத்தை மட்டும் எடுத்துடுங்க மேடம், மத்தபடி பிள்ளை தங்கம்” என்றார் அப்பா. அவளோடு பேசப் பேச எனக்குப் பட்டது வேறு. அவளுடைய பயமும் பரிவும் ஒரே வேரில் வளர்ந்தவை. அவள் பரிவு பொய்யில்லை, நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்தப் பரிவுக்குள்தான் பயம் குடியிருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் பயத்தை மட்டும் தனியாகப் பிடுங்கப் பார்த்தால் எதுவும் நடக்காது.

வீடு

காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவே உள்ள ஊர். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். மாங்காய் சீசனில் தோப்பிலிருந்து மண்டிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் ராப்பகலாக லோடு. மற்ற மாதங்களில் கிடைத்த வாடகை. அம்மாவுக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முதல் ஷிப்ட் என்றால் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிட வேண்டும். வீட்டில் முழங்கால் வலியோடு ஆயா (பாட்டி), ஆறாவது படிக்கும் தம்பி.

காலையில் எழுந்ததும் ஆயாவுக்கு வெந்நீர், தம்பிக்கு டிபன் டப்பா. பிறகு டவுன் பஸ் பிடித்துப் பயிற்சிக்குப் போவாள், அங்கிருந்து பள்ளி. சாயங்காலம் வந்து களி கிண்டுவாள். கேழ்வரகுக் களியைக் கட்டி தட்டாமல் கிண்டுவதில் அவள் கை தேர்ந்தது என்று ஆயா பெருமையாகச் சொன்னார். எல்லோர் தட்டிலும் உருண்டை போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துத் தான் சாப்பிடுவாள். “எனக்கு அதுதான் பிடிக்கும் மிஸ்” என்றாள். தம்பியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “இல்ல மிஸ், முன்னாடி அக்காவும் உருண்டைதான் சாப்பிடும்” என்றான்.

அந்த வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை. திட்டுவதுகூட அபூர்வம். இதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததும் எங்கேயோ ஒரு கொடுமை நடந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் கவனமாகக் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை. இருந்தது அலுப்பு. வேலை முடிந்து வரும் அம்மாவின் அலுப்பு, பெட்ரோல் பங்கில் கடன் சொல்லிவிட்டு வரும் அப்பாவின் அலுப்பு. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டவள் பாப்பா. “வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே அம்மா இன்னிக்கு எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சிடும் மிஸ். சத்தம் பெருசா இருந்தா நான் காபி போட்டு வச்சிடுவேன்.” எப்போதிலிருந்து என்று கேட்டேன். “சின்னதுல இருந்தே” என்றாள்.

ஆயா சொன்ன இரண்டு தகவல்கள் முக்கியம். கைக்குழந்தையாக இருந்தபோதே மாரியம்மன் பண்டிகையில் மேளச் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் விறைத்து வீறிட்டு அழுவாளாம். புது முகம் தூக்கினால் விடாமல் அழுகை. இது பிறவிச் சுபாவம். ஹார்வர்டின் உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஐந்தில் ஒரு குழந்தை புதிய சத்தத்துக்கும் காட்சிக்கும் இப்படித் துடிப்பதைக் கண்டார். அந்தக் குழந்தைகளில் பலர் பின்னால் தயக்கமும் எச்சரிக்கையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். எல்லோரும் அல்ல. சுபாவம் ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

இன்னொன்று, அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்து, நெடுநாள் படுக்கையில் இருந்தார். அப்போது ஆயா அவளிடம், “நீ சமர்த்தா பாத்துக்கிட்டாதான் கண்ணு, அம்மா சீக்கிரம் எழுந்திருப்பா” என்று சொல்லியிருக்கிறார். எந்த வீட்டிலும் சொல்லக்கூடிய வார்த்தை. தைரியம் சொல்வதற்காகவே சொன்னது. ஆனால் சத்தத்துக்கே விறைக்கும் ஒரு குழந்தை அதை வேறு மாதிரி வாங்கிக்கொண்டது: நான் கவனிக்காவிட்டால் அம்மா எழுந்திருக்க மாட்டாள். அம்மா எழுந்துவிட்டார். அந்தக் கணக்கு மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. குழந்தை பெற்றோருக்கே பெற்றோராகிவிடும் இந்த நிலையைக் குடும்ப உளவியலில் 1970களிலிருந்து விரிவாகப் பேசிவருகிறார்கள். வீட்டு வேலை செய்வதால் குழந்தைக்குக் கெடுதல் வருவதில்லை, நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். கெடுதல் வருவது, பெரியவர்களின் மனநிலைக்குத் தானே பொறுப்பு என்று குழந்தை நம்பத் தொடங்கும்போது.

குளம்

அவள் நீச்சல் கற்றது தோட்டத்துக் கிணற்றில். பெரியப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட, நான்கு நாளில் குடுக்கை இல்லாமல் நீந்தினாளாம். பெரிய மனுஷி ஆனதும் கிணறு நின்றுபோனது. பள்ளி விளையாட்டு ஆசிரியர் பிடிவாதமாக அப்பாவிடம் பேசி நகரத்து நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டார். தண்ணீரைக் கண்டு அவளுக்குப் பயம் இருந்ததே இல்லை. ஆற்றுச் சம்பவத்துக்கு முன்பு அவள் பயந்ததெல்லாம் மனிதர்களுக்கு.

பயிற்சியாளர் நேரங்களை எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். இந்த ஆய்வில் எனக்கு அதிகம் உதவியது அந்த நோட்டுதான். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், பயிற்சியில் 1 நிமிடம் 14 விநாடி. மாவட்டப் போட்டியில், தனிப்பிரிவில், 1 நிமிடம் 21 விநாடி. அதே நாள், அதே குளம், நால்வர் ரிலேயில் மூன்றாவது ஆளாக அவள் நீந்திய 100 மீட்டர் 1 நிமிடம் 12 விநாடி.

ரிலேயில் நேரம் குறைவது இயல்பு. முன்னால் வருகிறவர் சுவரைத் தொடும் நேரத்தைக் கணித்து முன்கூட்டியே உடலைச் சாய்க்கலாம் என்பதால் அரை விநாடிக்கு மேல் லாபம் கிடைக்கும். அதையும் தாண்டி மனசும் வேலை செய்யும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜேசன் லெசாக் ரிலேயின் கடைசி 100 மீட்டரை 46.06 விநாடியில் நீந்தி, முன்னால் போய்க்கொண்டிருந்த பிரான்ஸின் அலெய்ன் பெர்னாரைப் பிடித்தார். சில நாள் கழித்துத் தனிப்பிரிவில் லெசாக்கின் நேரம் 47.67. அந்த ஒலிம்பிக்கின் நேரங்களை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர்கள், ரிலேயில் முதலில் நீந்துகிறவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை, பின்னால் நீந்துகிறவர்களே தங்கள் தனி நேரத்தைவிட வேகமாக நீந்துகிறார்கள் என்று கண்டார்கள். பின்னால் வருகிறவர்களின் தலையில்தான் அணியின் முடிவு இருக்கிறது.

ஆகவே பாப்பாவின் 1:12 எனக்குக் கவலை தரவில்லை. நல்ல அணிக்காரி யாரும் அப்படித்தான். கவலை தந்தது அந்த 1:21. பயிற்சியில் எடுத்ததைவிட ஏழு விநாடி கூடுதல். பயிற்சியாளர் அதைப் பதற்றம் என்று எழுதி வைத்திருந்தார். ஓரளவுக்குச் சரி. நீண்ட விசில் ஊதி மேடையில் ஏறியதும் அவள் கால் நடுங்கும். தவறான தொடக்கம் ஒன்று நேர்ந்தாலே தகுதிநீக்கம் என்ற விதி அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும் குதித்த பிறகே குதிப்பாள். ஆனால் அதனால் போவது ஒரு விநாடி. மீதி எங்கே போனது? நோட்டில் 50 மீட்டர் நேரமும் இருந்தது. முதல் பாதியை நன்றாகவே நீந்தியிருக்கிறாள். இரண்டாம் பாதியில்தான் நேரம் கரைந்திருக்கிறது.

அதைக் காட்டி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னாள். பக்கத்துத் தடத்தில் நீந்திய பெண் காலையில் அழுதுகொண்டிருந்தாளாம், அவளுடைய அப்பா மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். “அவ முந்தட்டும்னு விட்டுட்டேன் மிஸ்.” சரி, அவள் அழுதிருந்தால் உனக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். “என்னால அழறான்னு தெரிஞ்சா எனக்குத் தாங்காது.” அப்படியே தொடர்ந்து, “ஜெயிச்சா எல்லாரும் என்னையே பாப்பாங்க. யாராவது ஒருத்தருக்காச்சும் என்னைப் பிடிக்காமப் போயிடும்” என்றாள். முதல் வாக்கியத்தில் பரிவு, இரண்டாவதில் பயம். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னாள்.

ரிலேயில் எப்போதும் மூன்றாவது இடத்தையே கேட்டு வாங்குவாளாம். முதல் ஆள் விசிலுக்குக் குதிக்க வேண்டும். கடைசி ஆளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாவது ஆள் தோழியின் கை சுவரில் பட்டதும் குதித்தால் போதும்.

அவளுடைய நீச்சல் பையை ஒருநாள் என் மேஜைமேல் கொட்டச் சொன்னேன். இரண்டு தொப்பி, இரண்டு கண்ணாடி, ஊக்கு, ரப்பர் பேண்ட், நாப்கின், குளுக்கோஸ் பாக்கெட், ஓ.ஆர்.எஸ்., தலைவலித் தைலம், ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய். இரண்டு கண்ணாடியில் புதியதில் வேறொரு பெண்ணின் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. அவள் அடிக்கடி மறந்துவிட்டு வருவாளாம், அதனால் அவளுக்கென்றே இது. பாப்பா போட்டுக்கொள்வது பழையது. வலது பக்க ரப்பர் விளிம்பு உரிந்து தண்ணீர் உள்ளே வரும். குளோரின் பட்டு அந்தக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அப்பாவிடம் புதியது கேட்டாயா என்றால், “அவருக்குச் செலவு” என்றாள். அந்த இன்னொரு கண்ணாடி யார் காசு? பள்ளியில் கிடைத்த பரிசுப் பணம். அவளுடையது.

ஆறு

ஆற்றில் நடந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பொதுவானதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படையல் போட்டு, பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சித்தப்பாவின் ஏழு வயது மகன் பாறை வழுக்கி ஆழத்தில் விழுந்தான். யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவன் கத்தவே இல்லை. மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை, வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். கை தானாகவே தண்ணீரைக் கீழே அழுத்தும், உடல் நட்டுக்குத்தாக நிற்கும். இருபது விநாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பார்ப்பவர்களுக்குக் குழந்தை விளையாடுவது போலவே இருக்கும். பாப்பா மட்டும் பார்த்தாள். எல்லோர் முகத்தையும் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை அல்லவா.

யாரையும் கூப்பிடாமல் குதித்தாள். பையன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இருவரும் உள்ளே போனார்கள். மூழ்குகிறவர் கழுத்தைப் பிடித்தால் காப்பாற்றப் போனவர் கீழே அமிழ வேண்டும், பிடித்தவர் மேலே போவதற்காகத் தானாகப் பிடியை விட்டுவிடுவார் என்று பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு அது ஞாபகமும் வந்திருக்கிறது. ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

“விட்டா அவன் பயந்துடுவான் மிஸ்.”

தண்ணீருக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது அவள் யோசித்தது இது.

இப்படிக் காப்பாற்றப் போகிறவரே பலியாவதைப் பற்றி ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஃபிராங்க்ளினும் பியர்னும் 2011இல் எழுதியிருக்கிறார்கள். அன்பு காரணமாக யோசிக்காமல் குதிப்பவர்கள் இறந்துபோவதும், யாருக்காகக் குதித்தார்களோ அவர் பிழைத்துவிடுவதும் அடிக்கடி நடப்பது. ஒகேனக்கல்லிலும் நம் ஏரி, கிணறுகளிலும் ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்று அடுத்தடுத்துப் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதனால்தான் அந்தச் சால்வை எனக்கு நெருடுகிறது. பாராட்டக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மேடையில் ஒருவர்கூட, “அடுத்த முறை குதிக்காதே கண்ணு, கயிறு வீசு, கத்து” என்று சொல்லவில்லை. “உயிரையே கொடுக்கத் துணிந்த மாணவி” என்றார்கள். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம், அதுவும் தன்னைக் கடைசியில் வைத்தே பழகிய பிள்ளையிடம், உன்னிடம் எங்களுக்குப் பிடித்ததே இதுதான் என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அவள் என்ன எடுத்துக்கொள்வாள்? அடுத்த முறையும் குதித்தாக வேண்டும் என்றுதான். குளத்தின் ஆழமான பக்கத்தைப் பார்த்து அவள் வாந்தி எடுத்ததை அதிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. உடம்பு மாட்டேன் என்றது. வாயால் மாட்டேன் என்று சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

நான் புரிந்துகொண்டது

பதற்றத்தை அளக்க 41 கேள்விகள் கொண்ட ‘ஸ்கேர்ட்’ என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்தினேன். 25 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பொது அளவு. அவள் அதைத் தாண்டியிருந்தாள். முக்கியமாக இரண்டு பகுதிகளில்: பிறர் முன்னால் வரும் பதற்றம், வீட்டாரைப் பிரிந்தால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பதற்றம். தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற கவலை அவள் பேச்சில் அநேகமாக வரவே இல்லை.

உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் 1936இல் விவரித்த ஒரு வீட்டு ஆசிரியப் பெண் இங்கே எனக்கு உதவினார். சின்ன வயதில் அழகான உடைக்கும் நிறையக் குழந்தைகளுக்கும் ஆசைப்பட்டவர். வளர்ந்த பிறகு தனக்கென்று எதுவுமே கேட்காமல், தோழிகளின் உடையிலும் திருமணத்திலும் அடுத்தவர் குழந்தைகளிலும் உயிராக இருந்தார். தனக்காக வாய் திறக்காதவர், பிறருக்காக என்றால் சண்டைக்கே போவார். தன் ஆசைகளை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் மூலம் வாழ்வது. அப்படி ஒப்படைத்தவர்களுக்குத் தன் உயிரைப் பற்றிய பயமும் அங்கேயே இடம் மாறிவிடுகிறது என்கிறார் அன்னா ஃபிராய்ட்.

பாப்பாவிடம் இதை நேராகப் பார்க்கலாம். ஒரு போட்டியில் சின்ன வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயர் பட்டியலில் விடுபட்டுவிட்டது. பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவே தயங்கும் பாப்பா, நடுவர் மேஜைக்குப் போய், நுழைவுப் படிவத்தின் நகலைக் காட்டி, பெயரைச் சேர்க்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறாள். குரல் நடுங்கவில்லையாம். அதே நாளில், தன் கண்ணாடியில் தண்ணீர் ஏறுகிறது, மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்க அவளால் முடியவில்லை. தைரியம் அவளிடம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. அதைத் தன் பெயரில் செலவழிக்க அவளுக்கு அனுமதி இல்லை.

அமெரிக்க உளவியலாளர் விக்கி ஹெல்கெசன் செய்த ஒரு வேறுபாடும் இங்கே பொருந்துகிறது. பிறர்மீது அக்கறை காட்டுவது மனநலத்துக்குக் கெடுதல் செய்வதில்லை. தன்னை முழுக்க அழித்துவிட்டுக் காட்டும் அக்கறைதான் மனச்சோர்வோடும், தன் உடலைக் கவனிக்காமல் விடுவதோடும் சேர்ந்து வருகிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும். நம் ஊரில் இரண்டுக்கும் கிடைக்கும் பாராட்டும் ஒன்றுதான். பெண் பிள்ளை என்றால் கூடுதலாகவே கிடைக்கும்.

செய்தது

முதலில் உயிர் பற்றிய கேள்வி. சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது தவறான பயம். “சாகணும்னு இல்ல மிஸ். ஆனா நானா அவனான்னு வந்தா, அவன் இருக்கட்டும்” என்றாள். இது தற்கொலை எண்ணம் அல்ல; ஆனால் லேசாக விடக்கூடியதும் அல்ல. அவளிடம் சொல்லிவிட்டே பெற்றோரிடம் பேசினேன். இரவில் மனசு கனத்தால் பேச 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். மருத்துவரிடம் அனுப்பியதில் ரத்தசோகை தெரிந்தது. சட்டியை வழித்துச் சாப்பிட்டால் வேறென்ன வரும். அதற்கு மாத்திரையும் உணவும் தொடங்கின.

குளத்துக்குத் திரும்புவது படிப்படியாக நடந்தது. முதலில் ஆழமான பக்கத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவது, அப்புறம் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க ஒரு குறுக்கு நீச்சல். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருப்பது. எங்கும் செய்யும் முறைதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையில் கதவைத் திறந்தது கயிறுதான். கரையிலிருந்தே காப்பாற்றும் முறைகளைப் பயிற்சியாளர் அவளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். முதலில் கத்தி ஆள் கூப்பிடு. கைக்கெட்டினால் மூங்கில் கழியோ துண்டோ நீட்டு, ஆனால் நீ படுத்துக்கொண்டு நீட்டு. எட்டாவிட்டால் மிதப்பதை வீசு: மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் கயிறு கட்டினால் ஒரு ஆளைத் தாங்கும். புடவை என்றால் ஐந்தரை மீட்டர் நீளம், முறுக்கி ஒரு முனையில் முடிச்சுப் போட்டு நனைத்து வீசினால் நேராகப் போகும். தண்ணீரில் இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

பாப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “கரையில நின்னுக்கிட்டுக் கயிறு வீசினா, நான் பயந்துட்டேன்னு ஆகாதா மிஸ்?” என்றாள். இந்தக் கேள்வியோடுதான் அதிக நேரம் செலவிட்டோம். அன்று உன்னைக் காப்பாற்றியவர்கள் கரையில் நின்றார்கள், அவர்கள் கோழைகளா? இல்லை என்றாள் உடனே. அவர்களும் குதித்திருந்தால்? பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளாகவே சொன்னாள்: “நான் உள்ள போயிட்டா அவனை யாரு இழுப்பாங்க.” பிறரை விட்டுவிட்டு உன்னைப் பார் என்று நான் சொல்லியிருந்தால் அவள் காதிலேயே ஏறியிருக்காது. பிறருக்கு உதவ நீ நிலையான இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிகிற மொழி. பயிற்சியில் கேனைக் குறி பார்த்து வீசுவதில் அவள்தான் முதலாவது.

இன்னொரு பக்கம், கேட்கும் பயிற்சி. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்பது. ஹோட்டலில் தோசை ஆறிப்போயிருந்தால் சூடாகக் கேட்பது. பிறகு வீட்டில், களி உருண்டை தனக்கும் ஒன்று. எல்லாவற்றிலும் கடினமானது அப்பாவிடம் நீச்சல் கண்ணாடி கேட்டது. கேட்டாள். அவர், “இதுக்கா இவ்ளோ நாள் கண்ணைச் சிவக்க வச்சிக்கிட்டிருந்த?” என்று அன்றே வாங்கித் தந்தார். அவர் கண் கலங்கிவிட்டதாக அம்மா சொன்னார்.

அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் தினமும் சொல்லச் சொன்னேன்: “எனக்கு இன்னிக்கு அலுப்பு, அது வேலையால. உன்னால இல்ல.” கூச்சமாக இருக்கிறது என்றவர், சொல்லிப் பழகிவிட்டார். ஆயாவின் வெந்நீர் தம்பியின் பொறுப்பானது. தன் பழைய வார்த்தையைக் கேட்டு ஆயா வருந்தினார். அவர் மேல் பழியில்லை என்பதைப் பாப்பா முன்னாலேயே பேசித் தீர்த்தோம். பயிற்சியாளர், ‘டீமுக்காக நீந்து’ என்று சொல்வதை நிறுத்தினார். அந்த வார்த்தைதான் அவளை வேகமாக ஓட்டியது என்பதால் அவருக்கு இது சுலபமாக இல்லை. ஆனால் செய்தார்.

இப்போது

குளத்தின் ஆழமான பக்கத்தில் நீந்துகிறாள். தனிப்பிரிவில் கடைசியாக எடுத்த நேரம் 1 நிமிடம் 17 விநாடி. பயிற்சி நேரத்தை இன்னும் தொடவில்லை. போட்டிக் காலையில் வயிறு பிரட்டுவது இன்னும் உண்டு. ஆற்றங்கரைக்கு இன்னும் போகவில்லை, அவசரமும் இல்லை. ரிலேயில் முதல் ஆளாகக் குதிக்க ஒருமுறை ஒப்புக்கொண்டாள், கால் நடுங்கியபடியே குதித்தாள்.

இழப்பும் இருக்கிறது. கண்ணாடியை மறந்து வரும் தோழிக்கு, “இனிமே நீயே கொண்டுவா” என்று சொன்னதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பாப்பா அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். சமாதானம் செய்ய ஓடாமல் இருப்பதுதான் அவளுக்கு அன்று செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை. தோழி சில நாளில் திரும்பி வந்தாள். வராமலும் போயிருக்கலாம், அதையும் பேசி வைத்திருந்தோம். “முன்ன மாதிரி சொன்ன பேச்சு கேக்கறதில்ல மேடம்” என்று அப்பா ஒருமுறை குறைப்பட்டார். அந்தக் குறைக்கு இந்த வீடு கொஞ்சம் இடம் கொடுத்தாக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு பதினொன்றில் என்ன பிரிவு என்ற பேச்சு வந்திருக்கிறது. நர்சிங் என்கிறாள். எல்லோருக்கும் சந்தோஷம், அவளுக்குப் பொருத்தமானது என்கிறார்கள். பொருத்தமாகவும் இருக்கலாம். அது உன் ஆசையா, மற்றவர்கள் முகம் மலர்வதற்காகச் சொல்வதா என்று கேட்டேன். முன்பு என்றால் எனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லியிருப்பாள். இந்த முறை, “தெரியல மிஸ், யோசிக்கணும்” என்றாள். தேர்வு முடியட்டும் என்று விட்டிருக்கிறோம். அடுத்த சந்திப்புக்கு அம்மாவும் வருகிறார். அவளுக்குப் பதிலாக யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது மட்டும் முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்கிறது.